இருநூற்றுப் பன்னிரண்டாம் பெட்டியின் சரியான எண்ணிக்கை

தென்முனைச் சரக்கு வாரியத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து வரை, தபால் கொடுப்பதை ஒரு வேலையாகவே யாரும் நினைக்கவில்லை. பிற்பகல் மூன்று மணிக்குத் தபால் பை வரும். வாசல் மேசையில் இருக்கும் ஆறுமுகநயினார் பையைக் கவிழ்த்து, மேல்விலாசத்தைப் பார்த்து, "ஏலே, ஒனக்குக் கடுதாசி வந்திருக்கு" என்று கத்துவார். உரியவர் வந்து வாங்கிக்கொண்டு போவார். அவ்வளவுதான். இதற்கு ஒரு பிரிவு கிடையாது, பிரிவுக்கு ஓர் அதிகாரி கிடையாது, அதிகாரியின் தலைக்கு மேல் மின்விசிறி கிடையாது. ஒரு வாரியம் எத்தனை காலத்துக்கு இப்படி நடக்க முடியும்?

அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்தது. பம்பாயில் ஒரு கம்பெனி பதினைந்து வருஷம் ஓட்டி, அலுத்துப்போய், ஏலத்தில் தள்ளிய கம்ப்யூட்டர். கப்பலில் ஏறும் மூட்டைகளை எண்ணுவதற்காகத்தான் அதை வாங்கினார்கள். ஒரு கணக்கில் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அது எண்ணாது என்பது தூத்துக்குடிக்கு வந்து இறங்கிய பிறகே தெரிந்தது. கப்பலுக்குத் தொண்ணூற்றொன்பது மூட்டைதான் ஏற்றலாம் என்றால் எந்த ஏஜெண்டும் ஒப்புக்கொள்ளமாட்டான். சும்மா போட்டுவைத்தாலோ, ஏன் வாங்கினாய் என்று மேலிடம் கேட்கும். ஆகவே தொண்ணூற்றொன்பதுக்குள் அடங்குகிற பொருள் வாரியத்தில் எது என்று மூன்று மாதம் ஆராய்ந்தார்கள். ஊழியர்களின் தபால் என்று விடை கிடைத்தது.

அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் மரத்தில் பெட்டிகள் செய்தார்கள். முன்புறம் கம்பி வலை, பூட்டு. சாவி முழுக்கப் பிரிவிடம். வெளியிலிருந்தும் வாரியத்தின் மற்றப் பிரிவுகளிலிருந்தும் தினமும் பிற்பகலில் வருகிற தபாலை ஆறுமுகநயினார் எண்ணிப் போடுவார். செண்பகம் என்ற பெண் அந்த எண்ணிக்கையைக் கார்டில் ஓட்டையாகக் குத்துவாள். கார்டைத் தின்றுவிட்டு, மறுநாள் காலை பத்து மணிக்கு இயந்திரம் ஆளுக்கொரு சீட்டு அச்சடிக்கும்: 'உங்கள் பெட்டியில் தபால்: இத்தனை.' சீட்டில் எத்தனை என்றிருக்கிறதோ அத்தனை கடிதத்தைக் கவுண்டரில் 'ஒப்படைக்கப்பட்டது' என்று முத்திரை குத்திக் கொடுப்பார்கள். முத்திரை இல்லாத கடிதத்தை வாரியத்தில் எந்தப் பிரிவும் கையால் தொடாது.

திறப்பு விழாவில், தபால் எண்ணிக்கைப் பிரிவின் புதிய அதிகாரி சிவனணைந்தபெருமாள் இருபது நிமிஷம் பேசினார். "மனிதன் எண்ணினால் தவறு வரும். இயந்திரம் எண்ணினால் வராது. வந்தாலும் எல்லோருக்கும் ஒரேமாதிரி வரும். சமதர்மம் என்பது வேறென்ன? முன்பு நமக்குக் கடிதம் வந்தால், கடிதம் வந்திருக்கிறது என்பது மட்டுமே தெரியும். இன்று எத்தனை என்று தெரியும். கடிதம் கைக்குக் கிடைக்கிறதா என்பதெல்லாம் அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில்" என்றார். நகைச்சுவைக்காகச் சொல்கிறார் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை.

இந்த வாரியத்தில் தேவபிரசாதம் என்பவர் டாலி கிளார்க். நாசரேத்துக்காரர். தோணியிலிருந்து ஏறுகிற, இறங்குகிற மூட்டையை ஷெட் வாசலில் நின்று எண்ணிக் கோடு போட்டு, கையெழுத்து வைக்கிற வேலை. பதினோரு வருஷமாகத் தற்காலிகம். தற்காலிகம் என்றால், எண்பத்தொன்பது நாள் வேலை கொடுத்துவிட்டு, தொண்ணூறாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தொண்ணூற்றோராம் நாள் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். அப்படி நாற்பத்து நான்கு முறை அவர் அதே ஷெட்டில் அதே நாற்காலியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். வரும் செப்டம்பரில் அவருக்கு முப்பத்தைந்து முடிகிறது. முப்பத்தைந்து வயது முடிந்துவிட்டவர்களை வாரியம் நிரந்தரமாக்குவதில்லை. அதனால் அந்த வருஷம் ஒன்றுதான் அவருக்கு மிச்சம். அந்த வருஷம் எழுபத்தாறு. கேள்வி கேட்கிறவர்கள் நாட்டிலேயே குறைந்துபோயிருந்த வருஷம்.

பனிமய மாதா கோயில் திருவிழா முடிந்த மறுநாள் காலை, ஆகஸ்டு ஆறாம் தேதி, அவர் தம்முடைய இருநூற்றுப் பன்னிரண்டாம் பெட்டியை வலை வழியே எட்டிப் பார்த்தார். பழுப்பு உறை ஒன்று நிமிர்ந்து நின்றது. அவர் பெயர். மேல்மூலையில் 'பணியாளர் பிரிவு'. அதற்குக் கீழே சிவப்பு மையில்: 'நிரந்தரப் பணி ஆணை. 31-8-76 மாலை ஐந்து மணிக்குள் அசல் ஆணையுடன் பணியில் சேரவும். தவறினால் ஆணை அடுத்தவருக்கு.' அவர் கம்பி வலையில் நெற்றியை வைத்துக்கொண்டு சிறிய ஜெபம் ஒன்று செய்தார். பிறகு சீட்டை வாங்கினார்.

'உங்கள் பெட்டியில் தபால்: 0.'

சீட்டை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனார்.

"சார், எரநூத்திப் பன்னெண்டுல ஒரு கவர் கெடக்கு. எம் பேருக்குத்தான். நெரந்தர ஆர்டரு."

"சீட்டு?"

"சீட்டுல பூஜ்யம்னு இருக்கு சார்."

"அப்போ இல்ல."

"கெடக்கு சார். இங்கன இருந்தே தெரியுது, பாருங்க."

சிவனணைந்தபெருமாள் பண்புள்ளவர். எழுந்துவந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெட்டிக்குள் நன்றாகப் பார்த்தார். "தெரியுது" என்றார். "மிஸ்டர் தேவபிரசாதம், நான் ஒண்ணும் பொய் சொல்லுற ஆள் கிடையாது. அது இருக்கு. ஆனா வரல."

"வராம எப்படி சார் உள்ள இருக்கும்?"

"அதத்தான் நீங்க எழுத்து மூலமா விளக்கணும்."

எழுத்து மூலமாக விளக்குவதற்கு 'எண்ணிக்கைத் திருத்த விண்ணப்பம்' என்று ஒரு படிவம் இருந்தது. மூன்று பிரதி. தேவபிரசாதம் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். பத்து நாள் கழித்து அதற்குப் பதில் வந்தது. எங்கே வரும்? பெட்டிக்குத்தான். பழுப்பு உறைக்குப் பக்கத்தில் வெள்ளை உறை ஒன்று வந்து சாய்ந்துகொண்டது. அன்றைய சீட்டிலும் பூஜ்யம்தான். விண்ணப்பம் ஏற்கப்பட்டதா, தள்ளப்பட்டதா என்பதைத் தெரிந்துகொள்ள அவருக்கு இன்றுவரை வழியில்லை.

பணியாளர் பிரிவுக்குப் போய், இன்னொரு பிரதி கொடுங்கள் என்று கேட்டார். அசல் தொலைந்துவிட்டது என்று தபால் எண்ணிக்கைப் பிரிவு சான்று தந்தால் தருகிறோம் என்றார்கள். தபால் எண்ணிக்கைப் பிரிவில் போய்ச் சான்று கேட்டார். "தொலையலியே, அந்தா இருக்கே" என்றார் சிவனணைந்தபெருமாள். கண்ணுக்கு முன்னால் இருப்பதைத் தொலைந்தது என்று எழுதிக்கொடுக்க அவர் மனசாட்சி இடம் தரவில்லை.

தேவபிரசாதத்தின் மனைவி கிருபை, இதையெல்லாம் கேட்டுவிட்டு, "கொடைக் கம்பிய வளைச்சி உள்ள விட்டு இழுத்துட்டு வாங்களேன்" என்றாள்.

"இழுத்தா கவர் வரும், முத்திரை வராது. முத்திரை இல்லாம சேத்துக்கிட மாட்டாங்க. அதோட திருட்டுக் கேசும் வரும்."

"பதினோரு வருசமா அவனுவ மூட்டைய எண்ணிக் குடுத்திருக்கிய. உங்க ஒரு கடுதாசிய அவனுவளால எண்ண முடியலியா?"

இந்தக் கேள்வி அவரைச் சுட்டுவிட்டது. எண்ணுவது அவருடைய தொழில். எண்ணிக்கை தப்பினால் எந்த இடத்தில் தப்பியது என்று தேடிப்போவது அவருக்குக் கைவந்த வேலை. மறுநாள் பிற்பகல் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, தபால் பை வருகிற நேரத்துக்கு ஆறுமுகநயினாரின் மேசைக்கு அருகில் போய் நின்றார்.

ஆறுமுகநயினார் வாரியத்துக்கு வருவதற்கு முன் முப்பது வருஷம் உப்பளத்தில் இருந்தவர். அம்பாரமாகக் குவித்த உப்பை மரக்காலில் அளந்து மூட்டை போடுகிற வேலை. பெட்டி எண்ணை முதலில் சொல்லிவிட்டு, கடிதத்தையும் அதே குரலில்தான் எண்ணினார்.

"நூத்தி எட்டு. லாபம், ரெண்டு, மூணு."

செண்பகம் மூன்று என்று குத்தினாள்.

"நூத்தி பத்தொம்போது. லாபம், ரெண்டு."

இரண்டு என்று குத்தினாள்.

"நூத்தி நாப்பது. லாபம்."

செண்பகம் கார்டில் எதையும் குத்தாமல் அப்படியே அடுக்கில் போட்டாள்.

தேவபிரசாதத்துக்கு விளங்கிவிட்டது. நம் பக்கத்தில் நெல்லோ உப்போ எதை அளந்தாலும் முதல் மரக்காலை 'ஒண்ணு' என்று சொல்லும் வழக்கம் இல்லை. 'லாபம்' என்றுதான் தொடங்குவார்கள். ரெண்டு, மூணு எல்லாம் அதற்குப் பிறகு. ஒரே நாளில் இரண்டோ மூன்றோ கடிதம் வருகிறவனுக்குக் குறையொன்றும் இல்லை. ஒற்றைக் கடிதம் வருகிறவன் லாபத்தோடு நின்றுவிடுகிறான்.

"ஏம்மா செண்பகம், லாபம்னா ஒண்ணுதானே?"

"எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? எங்க அப்பாவும் உப்பளத்துலதான இருந்தாவ. மொத நாளே ஆபீசர்ட்ட கேட்டேன். இந்தா பாருங்க." மேசைக்கு மேல் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைக் காட்டினாள். 'எண் அல்லாத சொல் எதுவும் பூஜ்யமாகக் கொள்ளப்படும்' என்று அதில் இருந்தது. கீழே சிவனணைந்தபெருமாளின் கையெழுத்து, பச்சை மையில்.

தேவபிரசாதம் ஆறுமுகநயினார் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, நீங்க ஒண்ணுன்னு சொல்லிட்டா தீந்துதே."

"என்னவே சொல்லுதீரு? எடுத்ததும் ஒண்ணுன்னா வெளங்குமா? ஒண்ணுன்னு ஆரம்பிச்சா அது ஒண்ணோட நின்னுபோவும்."

"அது உப்புக்கு அண்ணாச்சி. இது கடுதாசி."

"கடுதாசின்னா லாபம் வேண்டாமாக்கும்? ஆபீசரும் இதத்தான் கேட்டாரு. நான் மாட்டேன்னுட்டேன். யூனியன்லயும் எழுதிக் குடுத்தாச்சி. கமிட்டி போட்டிருக்கு. கமிட்டி சொல்லட்டும், சொல்லுதேன்."

கமிட்டி போட்டது உண்மை. லாபம் என்பது எண்ணா, சொல்லா, வழிபாட்டு உரிமையா என்று ஆராய ஐந்து பேர் கொண்ட கமிட்டி ஏழு மாதமாகக் கூடிக்கொண்டிருந்தது. அவசரம் என்று யாரும் அதை நெருக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அந்தப் பெட்டிகளுக்கு ஒற்றையாக வருகிற தபால் பெரும்பாலும் மெமோ. தாமதமாக வந்தாய், பதில் சொல், உன் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்கிற வகை. பூஜ்யம் என்று சீட்டு வந்தால், வலைக்குள் மெமோ தெரிந்தாலும் தெரியாததுபோல் நடந்துகொள்ளலாம். நூற்று முப்பத்தேழு பெட்டிகளில் எண்ணிக்கை தப்பு. நூற்று முப்பத்தாறு பேர் அதனால் நிம்மதியாக இருந்தார்கள்.

"ஒரே நாளையில ரெண்டு போட்டா ரெண்டுன்னுதான குத்துவாவ?" என்றாள் அன்று இராச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த கிருபை. அவளுக்கு மூளை உண்டு, ஆனால் வாரியத்தில் வேலை இல்லை. "நீங்க ஒண்ணு எழுதுங்க, நான் ஒண்ணு எழுதுதேன். ரெண்டையும் சேத்துப் போடுவோம். ரெண்டு கவர் குடுக்கணும்லா? மொத வந்தது ரெண்டும் வெளிய வந்துரும்."

தபாலில் போட்டார்கள். ஆகஸ்டு இருபதாம் தேதி காலை சீட்டு வந்தது: 'தபால்: 2.' தேவபிரசாதம் அன்று சட்டையை இஸ்திரி போட்டுப் போயிருந்தார். கவுண்டரில் சிவனணைந்தபெருமாளே பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த நான்கு உறைகளையும் பார்த்து, புதிதாக வந்த இரண்டை உருவி, முத்திரை குத்தி நீட்டினார்.

"சார், பழசத் தாங்க சார். அதுதான் மொத வந்தது."

"எண்ணிக்கையில வந்த ரெண்டு இதுதான். மத்தது ரெண்டும் எண்ணிக்கையிலயே வரல. வராதத நான் எப்படிக் குடுக்கது?"

"ரெண்டுன்னா ஏதாவது ரெண்டு குடுக்கக் கூடாதா சார்?"

"ஏதாவது ரெண்டு குடுக்கதுக்கு இது என்ன சந்தையா?" என்றார் அதிகாரி. அவருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது, இவ்வளவு படித்த மனிதர் இப்படிக் கேட்கிறாரே என்று.

தேவபிரசாதம் தாம் தமக்கு எழுதிய கடிதத்தைப் பிரித்தார். வெற்றுத்தாள். கிருபை எழுதியதைப் பிரித்தார். 'வரும்போது கருப்புக்கட்டி அரைக் கிலோ வாங்கி வரவும்' என்று இருந்தது. தாளை வீணாக்குவானேன் என்று எழுதியிருக்கிறாள். வாங்கிக்கொண்டு போனார்.

இன்னும் பதினோரு நாள்தான். அவர் நாலு நாள் தினமும் போய் வலைக்கு முன்னால் நின்றார். ஐந்தாம் நாள் செண்பகத்துக்குப் பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, நீங்க நிக்கதப் பாக்க முடியல. ஒரு கார்டு தான? நான் குத்துதேன். உள்ள ரெண்டு இருக்கு, ரெண்டுன்னு குத்துதேன். பொய்யா குத்தல, உள்ளததான் குத்துதேன்" என்றாள்.

"ஒனக்கு வம்பு வராதா?"

"வந்தா வருது."

இருபத்தைந்தாம் தேதி காலை சீட்டு வந்தது: 'தபால்: 2.' பெட்டியில் இருந்ததும் இரண்டு. பழுப்பு உறை வந்த நாளிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டாம் பெட்டியைப் பற்றிக் கம்ப்யூட்டர் சொன்ன முதல் உண்மை அதுதான். தேவபிரசாதம் கவுண்டருக்கு ஓடினார். சிவனணைந்தபெருமாள் இரண்டு உறைகளையும் வெளியே எடுத்தார். முத்திரையை மையில் ஒற்றினார். ஒற்றிய கை அப்படியே நின்றது. ஒழுங்கான அதிகாரி அல்லவா, முந்தின நாள் தபால் பைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டார்.

"நேத்துப் பையில எரநூத்திப் பன்னெண்டுக்கு ஒண்ணுமே வரல. ஆனா மெஷின் ரெண்டுங்குது. அப்போ ரெண்டு தபால் காணல."

"காணாமப் போகல சார். அந்தா உங்க கையில இருக்கு."

"இது பழசு. நேத்து வந்த ரெண்டு எங்க?"

"நேத்து எதுவும் வரல சார்!"

"வராம மெஷின் சொல்லாது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மிஸ்டர் தேவபிரசாதம், அரசாங்கத் தபால் ரெண்டு காணாமப் போயிருக்கு. காலம் எப்பேர்ப்பட்ட காலம்னு உங்களுக்குத் தெரியும். நான் இத மேல எழுதல. நீங்க போயிருங்க."

உறைகள் மறுபடி பெட்டிக்குள் போயின. எண்ணிக்கை பூஜ்யமாகத் 'திருத்தப்பட்டது'. செண்பகத்துக்கு ஒரு மெமோ போட்டார்கள். அது ஒற்றையாகப் போனதால் அவள் பெட்டியில் பூஜ்யம் என்று வந்து, அவள் கைக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காத மெமோவுக்குப் பதில் சொல்லாத குற்றத்துக்காக அவளை எடைமேடைக்கு மாற்றினார்கள். மூன்று மைல் வெயிலில் நடந்து போகவேண்டிய இடம். இதைச் செய்தவர்கள் அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அதை மறைக்கவேண்டிய கடமை இல்லை.

முப்பத்தோராம் தேதி, செவ்வாய்க்கிழமை. அன்று பிற்பகல் மூன்று மணிக்குச் சென்னையிலிருந்து ஆய்வாளர் வருகிறார். 'தெற்கிலேயே எண்ணிக்கைப் பிழை இல்லாத முதல் வாரியம்' என்று கேடயம் ஒன்று உண்டாம். வாரியம் முழுக்க வெள்ளையடித்திருந்தது. தேவபிரசாதம் காலை எட்டு மணிக்கே போய், அதிகாரி மோட்டார் சைக்கிளை நிறுத்துவதற்குள் எதிரே நின்றார். கும்பிட்டார்.

சிவனணைந்தபெருமாள் அவர் தோளில் கை வைத்தார். "நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். கவலைப்படாதீங்க. மத்தியானத்துக்குள்ள எல்லாப் பெட்டியிலயும் எண்ணிக்கையைச் சரி பண்ணச் சொல்லி ஆர்டர் போட்டிருக்கேன். மொதப் பெட்டியே உங்க பெட்டிதான்."

தேவபிரசாதத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. "நீங்க நல்லா இருக்கணும் சார்" என்றார். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தார். அசல் ஆணை, முத்திரை, ஐந்து மணி. எல்லாம் முடிந்துவிடும். தொண்ணூறாம் நாள் வீட்டுக்குப் போகிற வழக்கம் இனி இல்லை என்று கிருபையிடம் எந்த வார்த்தையில் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றரை மணிக்கு ஆறுமுகநயினார் ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு பெட்டிகள் இருந்த அறைக்குள்ளிருந்து வந்தார். தேவபிரசாதத்தைப் பார்த்ததும் நின்றார். முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"என்னைய வையாதேயும்வே. எனக்கு இப்படிச் செய்வானுவன்னு தெரியாது."

"என்ன அண்ணாச்சி?"

"சீட்டுல உள்ளதுக்கு மேல எந்தப் பெட்டியில எது கெடந்தாலும் அள்ளிரணுமாம். அள்ளி, அனுப்புன ஆபீசுக்கே திருப்பிரணுமாம். உம்மதும் போயிட்டு. ஒம்போது மணிக்கே போயிட்டு."

எண்ணிக்கையைச் சரிசெய்ய இரண்டு வழி உண்டு. எண்ணைக் கூட்டலாம். பொருளைக் குறைக்கலாம். எண்ணைக் கூட்ட மேலிடத்து அனுமதி வேண்டும்.

திருப்பி அனுப்புகிற உறையில் ஏதாவது முத்திரை இருந்தாக வேண்டும். பிரிவில் இருந்தவை இரண்டே முத்திரைகள்: 'ஒப்படைக்கப்பட்டது', 'பெறுநர் ஏற்கவில்லை'. ஒப்படைக்கவில்லை. ஆகையால் மற்றதைக் குத்தினார்கள்.

தேவபிரசாதம் பணியாளர் பிரிவுக்கு மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி ஓடினார். அங்கே இருந்த எழுத்தர் பழுப்பு உறையைக் கோப்பில் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். "என்ன இப்படிப் பண்ணிட்டிய? ஊர்ல அவனவன் நெரந்தரத்துக்குத் தவங்கெடக்கான், நீங்க வேண்டாம்னு திருப்பி அனுப்பியிருக்கிய" என்றார்.

"நான் அனுப்பல. எனக்கு அது கைக்கே வரல."

"முத்திரை இருக்கே. ஆர்டரு அடுத்தாளு செந்தூர்பாண்டிக்குப் போட்டாச்சி. அவரு இங்கனதான் நின்னாரு, கையிலயே வாங்கிட்டுப் போயிட்டாரு."

"அப்போ நான் பழையபடி..."

"நெரந்தரம் வேண்டாம்னவருக்குத் தற்காலிகம் கெடையாது. விதி இருக்கு. நாளையில இருந்து ஷெட்டுக்கு வராண்டாம்."

மூன்று மணிக்கு ஆய்வாளர் வந்தார். மாலை, இளநீர், பிறகு பெட்டி பெட்டியாகப் பார்த்தார். சீட்டில் எத்தனையோ பெட்டியில் அத்தனை. தடித்த பதிவேடு ஒன்றில், பெட்டிக்கு உரியவர் 'எண்ணிக்கை சரி' என்று கையெழுத்திட வேண்டும். எல்லோரும் போட்டுவிட்டார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு மட்டும் பாக்கி. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த தேவபிரசாதத்தைத் தேடிப்பிடித்து அழைத்துவந்தார்கள்.

"சார், அதுல என் ஆர்டர் இருந்தது சார்" என்றார் அவர்.

ஆய்வாளர் பொறுமையாகக் கேட்டார். "இப்போது இருக்கிறதா?"

"இல்ல சார்."

"பெட்டியில் எத்தனை தபால் இருக்கிறது? பார்த்துச் சொல்லுங்கள்."

தேவபிரசாதம் வலை வழியே பார்த்தார். "ஒண்ணும் இல்ல."

"சீட்டில்?"

"பூஜ்யம்."

"பிறகு என்ன குறை?"

சிவனணைந்தபெருமாள் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். பதினோரு வருஷத்தில் தேவபிரசாதம் தப்பான டாலியில் ஒருதடவையும் கையெழுத்துப் போட்டதில்லை. ஏஜெண்டுகள் கெஞ்சியிருக்கிறார்கள், மிரட்டியிருக்கிறார்கள், போட்டதில்லை. சரியான டாலியில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லியும் அவருக்குப் பழக்கமில்லை. இன்னொருமுறை பெட்டிக்குள் பார்த்தார். போட்டார்.

ஆய்வாளர் கேடயத்தைக் கொடுத்துவிட்டுப் பேசினார். "பிழை நூற்று முப்பத்தேழு இருந்ததாகக் கேள்விப்பட்டேன். ஒரே காலையில் பூஜ்யமாக்கியிருக்கிறீர்கள். இயந்திரத்தை மாற்றவில்லை, முறையை மாற்றவில்லை, எந்த ஊழியரின் பழக்கத்தையும் மாற்றவில்லை. நிர்வாகம் என்றால் இதுதான்" என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

தேவபிரசாதம் வீட்டுக்கு வந்தபோது கிருபை வாசலிலேயே நின்றாள். முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் முதலிலிருந்து கடைசிவரை ஒன்று விடாமல் சொன்னார். கையெழுத்துப் போட்டதையும் சொன்னார்.

"கையெழுத்தா போட்டிய? அந்த நோட்டக் கிழிச்சி அவனுவ மூஞ்சில எறியாம, கையெழுத்தா போட்டிய?"

"என்னன்னு சொல்லி மாட்டேங்க, கிருபை? எண்ணிப் பாத்தேன். சரியாத்தான் இருந்தது" என்றவர், தண்ணீர்ச் செம்பை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

அவள் அவரை அழவிட்டாள். அவளுக்கும் அழுகை வந்தது, ஆனால் அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. அந்தக் கோபத்தைக் கொண்டுபோய்க் கொட்ட ஓர் ஆள்கூட அகப்படவில்லை. முத்திரை குத்தியவன் முத்திரையைக் காட்டுவான், எழுத்தன் விதியைக் காட்டுவான், அதிகாரி கேடயத்தைக் காட்டுவான். விளக்கேற்றினாள். சாப்பாடு போட்டாள். இருவரும் சாப்பிடவில்லை. மறுநாள் எந்த ஷிப்டு என்று கேட்டு, அதற்கேற்ற நேரத்தில் பதினோரு வருஷமாக அவரை எழுப்பி வந்தவள் அவள். பாயை விரித்துவிட்டு, பழக்கத்தில் கேட்டுவிட்டாள்.

"நாளைக்கு எத்தன மணிக்கு எழுப்பட்டும்?"